எல்லாத்துக்கும் சிலிக்கான்

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது திட்டுற பதிவு. வழக்கமான கொசுவத்தி, பாளையங்கோட்டை வெயில், அம்மா கை மீன் குழம்பு எதுவும் இதுல கிடையாது. (கொஞ்சம் இருக்கும். தப்பிக்க முடியாது.) ரெண்டு வருஷம் முன்னாடியே எழுதியிருக்கணும். "ஒரு மழை தாங்கட்டும், அப்புறம் பேசுவோம்"னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இப்ப ரெண்டு மழைக்காலம் தாங்கிடுச்சு. இனி பேசலாம்.

விஷயம் இதுதான். எங்க அப்பாவோட 1984 பத்மினியை 2022 டிசம்பர்ல லாரியில ஏத்தி பெங்களூருக்குக் கொண்டு வந்தேன். 600 கிலோமீட்டர் சொச்சம். தங்கமணி கேட்டது ஒரே கேள்வி: "இதுக்குப் பதிலா உங்க அப்பாவையே கூட்டிட்டு வந்திருக்கலாமே?" பதில் சொல்ல முடியாத கேள்வி. அப்பா வரமாட்டார். காரை மட்டும் கொடுத்து அனுப்பினார்.

அந்தக் காரைப் பத்தி நாலு வரி. மும்பை குர்லாவுல பிரீமியர் கம்பெனி 1964-ல இருந்து ஃபியட் 1100 டிலைட்டைச் செஞ்சாங்க, 1974-ல அதுக்குப் பத்மினின்னு பேர் வச்சாங்க. காசு கட்டிட்டு வருஷக்கணக்கா காத்திருந்த காலம் அது. அப்பாவுக்கு முறை வந்து வண்டி கைக்கு வர்றதுக்குள்ள மாருதி 800 ரோட்டுக்கு வந்துடுச்சு (1983 டிசம்பர்). "பழசைப் புதுசா வாங்கிட்டு வந்திருக்காரு சார்வாள்"னு தெருவுல ஒருத்தர் சொன்னதை அப்பா இன்னும் மறக்கலை. அவரோட மாருதி எப்பவோ தகரமாகிப் போச்சு. சரி, அது கிடக்கட்டும்.

வந்த வண்டிக்குப் பெயின்ட் அடிக்கணும்னு முடிவு பண்ணினேன். நம்ம ஆளுங்க எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணினேன். இன்ஸ்டாகிராம்ல அழகழகா படம் போடுற ஒரு இடத்துல விட்டேன். ஊர், பேர் வேண்டாம். கண்ணாடிச் சுவர், ஏசி அறை, காபி மெஷின். லட்சத்து நாற்பதாயிரம் வாங்கினாங்க. ரெண்டு மாசம் கழிச்சு வண்டியைப் பார்த்தப்ப கண்ணு கூசிச்சு. வீடியோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பின் கண்ணாடியக் கழத்துனாவளால?"

எனக்குப் புரியலை. "கழட்டாம எப்படிப்பா பெயின்ட் அடிப்பாங்க"ன்னேன். "கேட்டுப் பாரு"ன்னு வச்சுட்டார். நான் கேட்கலை. ஆணி அதிகம்.

2023 மே மாசம் பெங்களூர் மழை பதில் சொல்லிச்சு. ஒரு சாயங்காலம், முக்கால் மணி நேரம். மறுநாள் காலையில பின் சீட்டு பஞ்சு மாதிரி தண்ணி குடிச்சுக் கிடக்குது. டிக்கியில ஸ்டெப்னி குழிக்குள்ள ஒரு டம்ளர் தண்ணி. கண்ணாடியோட கீழ் மூலை ரெண்டுலயும் ரப்பருக்கு அடியில விரலை விட்டா கொழகொழன்னு ஏதோ வெள்ளையா பிடுங்கிட்டு வருது. சிலிக்கான். பாத்ரூம் பேசின் ஓரத்துல அடிக்கிறோமே, அதே சாமான்.

கண்ணாடியைக் கழட்டவே இல்லை. பழைய ரப்பர் மேல டேப் ஒட்டி மறைச்சு, சுத்தி ஸ்ப்ரே அடிச்சு, டேப்பை உரிச்சு, நடுவுல இருந்த இடைவெளியில சிலிக்கானைப் பிதுக்கி விட்டிருக்காங்க. ஓரத்துல இருந்த வெள்ளிப் பட்டை இருக்கே, நம்ம மெக்கானிக்குங்க பீடிங்னு சொல்லுவாங்களே, அது ஒரு இடத்துல மடங்கியிருந்ததால தூக்கிப் போட்டுட்டு, பளபளன்னு ஒரு பிளாஸ்டிக் நாடாவை ஒட்டி வச்சிருக்காங்க. போன் பண்ணினா பதில் என்ன தெரியுமா? "ஓல்டு கார் சார், லீக் ஆகத்தான் செய்யும்."

இந்த வாக்கியத்தைத்தான் நான் திட்ட வந்தேன்.

பழைய கார் ஒழுகத்தான் செய்யும்னு சொல்றது பொய். பத்து வருஷம் நான் அந்தப் பின் சீட்டுல உட்கார்ந்து மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல குற்றாலச் சீசன் மழையில போயிருக்கேன். ஒரு சொட்டு விழுந்ததில்லை. ஒழுகுறது காரோட வயசு இல்லை. வேலை செஞ்சவனோட அவசரம், வேலை கொடுத்தவனோட அறியாமை. ரெண்டாவது ஆள் நான்தான்.

இந்த அமைப்பு எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கிட்டா கோபம் வரும், அதனால சொல்றேன். இன்னிக்கு வர்ற கார்கள்ல கண்ணாடியை யூரித்தேன் பசை போட்டு பாடியோட ஒட்டிடறாங்க. அதுக்குன்னே விளிம்பை அகலமா வச்சு, பிரைமர் அடிச்சு, கண்ணாடியும் பாடியோட பலத்துல ஒரு பங்குன்னு கணக்குப் போட்டு வடிவமைச்சது. பத்மினி, அம்பாசடர் தலைமுறையில பசையே கிடையாது. ஒரு தடிமனான ரப்பர் வளையம். ஒரு பக்கப் பள்ளத்துல கண்ணாடி உட்காரும், இன்னொரு பக்கப் பள்ளம் பாடியோட தகர விளிம்பைக் கவ்வும். வெளி முகத்துல சின்னதா மூணாவது பள்ளம், அதுலதான் வெள்ளிப் பட்டை. அந்தப் பட்டை அழகுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. அது உள்ள இருக்கிறதாலதான் ரப்பரோட உதடு விரிஞ்சு கண்ணாடியையும் தகரத்தையும் அழுத்திப் பிடிக்குது. எங்க வண்டியில அதை எடுத்துட்டு நாடா ஒட்டின நாளே ரப்பர் தளர்ந்து போச்சு.

இதுல சிலிக்கானைப் பிதுக்கினா என்ன ஆகும்? புளிச்ச வாடை வரும் பாருங்க, வினிகர் மாதிரி, அந்த வகை சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடுது. வெறும் தகரத்துக்கு அது ஆகாது, துருவுக்கு விருந்து. அடுத்து, அது மேல பெயின்ட் ஒட்டாது. நாளைக்கு ஒழுங்கா வேலை செய்யணும்னா ஒரு துளி மிச்சம் இருந்தாக்கூட பெயின்ட் மீன் கண்ணு மாதிரி குழி குழியா விலகும். இதையெல்லாம் விட மோசமானது, வெளியே ஒரு இடத்துல அடைச்சா தண்ணி இன்னொரு இடத்துல உள்ளே போய், வெளியே வர வழியில்லாம ரப்பருக்கு அடியிலேயே தேங்கும். கீழ் மூலையில. நமக்குத் தெரியாது. மேல பெயின்ட் மின்னும்.

என் நண்பர் ஒருத்தர், அதே அபார்ட்மென்ட், ஊர் திருச்சிப் பக்கம், தத்துவம் சொன்னார். "ஏன் சார் இவ்வளவு டென்ஷன்? இன்னொரு டியூப் சிலிக்கான் அடிங்க, வருஷத்துக்கு முந்நூறு கிலோமீட்டர்தானே ஓட்டறீங்க." பெங்களூரை சிலிக்கான் நகரம்னு சொல்றாங்களே, சும்மா இல்லை. மொட்டைமாடி ஒழுகினா சிலிக்கான், ஜன்னல் ஒழுகினா சிலிக்கான், அப்பா கார் ஒழுகினா சிலிக்கான். (வேற சிலிக்கான், வேற சிலிக்கோன்னு வேதியியல் வாத்தியார்கள் ஆட்டோ அனுப்பாதீங்க, தெரியும்.)

அவருக்கு நான் சொன்ன பதில்: எஞ்சினைப் பிரிச்சுத் திருப்பிக் கட்டலாம். 1089 சிசி, நாலு சிலிண்டர், கிராமத்து மெக்கானிக்கும் கட்டுவார். பம்பர் கிடைக்கும், லைட் கிடைக்கும். ஆனா பின் கண்ணாடியைத் தாங்குற தகர விளிம்பு பாடியோட ஒரு அங்கம். அதைக் கடையில விக்க மாட்டாங்க. அது அரிச்சுப் போச்சுன்னா வண்டி போச்சு. அப்புறம் நாலு பேர் சேர்ந்து நடுவுல வெட்டி, ஏதாவது ஹோட்டல் வாசல்ல சோபாவா வைக்கலாம். அப்படி வச்சிருக்காங்க, பார்த்திருப்பீங்க. கூடவே நின்னு செல்ஃபி எடுத்துட்டு "எங்க அப்பாகிட்ட இருந்துச்சு"ன்னு ஸ்டேட்டஸ் போடறோம்.

சரி, வேலைக்கு வருவோம். முதல்ல ரப்பர். ஜே.சி. ரோட்டுல மூணு சனிக்கிழமை அலைஞ்சேன். ஒரு கடையில கொடுத்தது கையில பிடிச்சாலே கட்டை மாதிரி இருந்தது, பள்ளத்தோட அகலமும் தப்பு. இன்னொண்ணு மெத்துமெத்துன்னு இருக்கு, ஆனா பட்டைக்கான மூணாவது பள்ளமே இல்லை. "பட்டை எதுக்கு சார், இப்ப யாரும் போடறதில்ல"ன்னார் கடைக்காரர். மூணாவது கடையில, அலமாரிக்கு மேல, தூசியோட ஒண்ணு இருந்தது. இந்தச் சாமான் இத்தனை வருஷம் சந்தையில இருந்ததுக்குக் காரணம் நம்மள மாதிரி கொசுவத்தி பார்ட்டிங்க இல்லை, மும்பை டாக்சிக்காரங்க. அவங்க ஓட்டின வரைக்கும் ரப்பர் ஓடிச்சு. அதே 2023 அக்டோபர் 30-ஓட மும்பையில கடைசிப் பத்மினி டாக்சியும் ஓய்வு பெற்றுடுச்சு. இனி யாருக்காக அச்சு வார்ப்பாங்க? உங்க வண்டிக்கு வேணும்னா கிடைக்கும்போதே ரெண்டா வாங்கி வச்சுக்கோங்க. ரப்பரை மடிச்சுக் கட்டி வைக்காதீங்க, வளையமா படுக்க வைங்க.

கடைக்காரர்தான் பாயைக் காட்டி விட்டார். சிவாஜி நகர்ப் பக்கம், ஒரு சந்துல, கடைன்னு சொல்ல ஒரு பெட்டியும் ரெண்டு ஸ்டூலும். அறுபத்தஞ்சு வயசு இருக்கும். கன்னடம், உருது, தமிழ் மூணும் ஒரே வாக்கியத்துல. வண்டியைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தார். பெயின்டைப் பார்க்கவே இல்லை. பின் கண்ணாடி மூலையில நகத்தை வச்சுச் சுரண்டி மோந்து பார்த்தார். "யார் சார் இது பண்ணது? பல் டாக்டரா?"ன்னார் :-)

கழட்டினதே ஒரு பாடம். நான் போன இடத்துல பட்டையைப் பிடிச்சு இழுத்து மடக்கினாங்க இல்லையா, பாய் பட்டையைத் தொடவே இல்லை (எங்க வீட்டுக் கதை தெரிஞ்ச அப்பா பழைய பட்டையோட இன்னொரு ஜோடியை ஊர்ல பரண்ல வச்சிருந்தார், பார்சல்ல வந்தது, அது வேற கதை). ரப்பரோட வெளி உதட்டை பிளேடால சுத்தி வெட்டினார். ரப்பர் போகட்டும், கண்ணாடி முக்கியம்னார். பின் கண்ணாடி டஃபன்ட் வகை. செஞ்சதுக்கு அப்புறம் வெட்டவோ தேய்க்கவோ முடியாது. நடுவுல கையை வச்சு அழுத்தினா தாங்கும், ஓரத்துல ஸ்பேனர் நுனி பட்டாப் போதும், அரிசி மாதிரி கொட்டிடும். அது கொட்டிட்டா பத்மினிக்கு இன்னொண்ணு தேடுறதுக்குள்ள உங்க பையன் காலேஜ் முடிச்சிடுவான். உள்ளே ஒரு ஆள், வெளியே ஒரு ஆள், பழைய போர்வை மேல இறக்கினாங்க. 2012-ல உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிம் கூடாதுன்னு சொன்னப்ப யாரோ பிளேடு வச்சுச் சுரண்டின கீறல் இன்னும் அதுல இருக்கு.

கண்ணாடி போனதும் விளிம்பு தெரிஞ்சது. இடது மூலையில விரல் நீளத்துக்குத் தகரமே இல்லை. துருவும் பட்டியும் கலந்த பிஸ்கெட். அதுக்கு மேலதான் லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் மின்னல்.

நான் அங்கேயே கொஞ்ச நேரம் நடைபாதையில உட்கார்ந்துட்டேன்.

டிங்கர் வெட்டி, புதுத் தகரம் பற்றவச்சு, எபாக்சி பிரைமர் அடிச்சு, பெயின்ட் காய்ஞ்சு வர பன்னிரண்டு நாள். இதுல ஒரு நுட்பம். விளிம்பு மேல பட்டி தடவவே கூடாதுன்னு பாய் டிங்கர்கிட்ட சண்டை. ரப்பரோட பள்ளம் இத்தனை தடிமன் தகரத்துக்குன்னு அளந்து செஞ்சது. அரை மில்லிமீட்டர் பட்டி ஏறினா ரப்பர் உட்காராது, உட்கார்ந்தாலும் மூலையில தூக்கும். கண்ணுக்கு அழகா இருக்கணும்னு டிங்கர் தடவுவார், தண்ணிக்கு வழி திறக்கும்.

கண்ணாடி ஏத்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. ரப்பரை காலையில இருந்து வெயில்ல போட்டு இளக்கினார். ஸ்டூல் மேல போர்வை, அதுமேல கண்ணாடி, அதைச் சுத்தி ரப்பர். அடுத்து, வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடியே, வெள்ளிப் பட்டையைப் பள்ளத்துல இறக்கினார். உலோகப் பட்டையை அப்பவே போடணும், வண்டியில ரப்பர் இறுகினதுக்கு அப்புறம் போட்டா மடங்கும்னார். இதை மட்டும் ஒரு மணி நேரம் செஞ்சார். சோப்புத் தண்ணி, ஒரு மரக்குச்சி, கட்டைவிரல். ஸ்க்ரூடிரைவர் கிடையாது. கிரீஸ், ஆயில் கிடையாது, ரப்பர் ஊதிடும்.

அப்புறம் கயிறு. பென்சிலை விட மெலிசான நைலான் கயிறு. ரப்பரோட உள் பள்ளத்துல முழுச்சுத்து ஓட்டி, ரெண்டு முனையும் கீழே நடுவுல ஒண்ணையொண்ணு தாண்டித் தொங்க விட்டார். விளிம்புல சோப்புத் தண்ணி. கண்ணாடியைத் தூக்கி வச்சு, வெளியே அவர் பேரன் ரெண்டு உள்ளங்கையாலும் அழுத்த, உள்ளே பின் சீட்டுல மண்டிபோட்டு பாய் ஒரு முனையை மெதுவா, கண்ணாடியோட நடுவை நோக்கி இழுத்தார். கயிறு வர வர ரப்பரோட உதடு ஒவ்வொரு விரற்கடையா தகரத்தைத் தாண்டி உள்ளே விழுது. ப்ளக், ப்ளக்னு ஒரு சத்தம். மூலையில மாட்டிச்சு. இழுத்துப் பிடிக்காம, கயிறை விட்டுட்டு, பேரனைப் பார்த்து "தள்ளு, குத்தாதே"ன்னார். இருபது நிமிஷம். முடிஞ்சது. பசை ஒரு துளி இல்லை. வெளி உதட்டுக்கு அடியில காயாத மாஸ்டிக் மட்டும் மெலிசா, அதுவும் கீழ்ப் பக்கம்.

இப்ப என்னைத் திட்டணும். வேலை முடிஞ்சதும் பாய் கேட்டது 1,800 ரூபாய். ரெண்டு நாள், ரெண்டு ஆள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க பாய்." வாய் தானா சொல்லிடுச்சு. காபி மெஷின் வச்சிருந்த இடத்துல பில்லைக்கூடப் படிக்காம கார்டு தேய்ச்ச அதே வாய். பாய் ஒண்ணும் சொல்லலை, "ஆய்த்து சார், 1,500 குடுங்க"ன்னார். வீட்டுக்கு வந்து தங்கமணிகிட்ட பெருமையா சொன்னேன். அவ என்னை ஒரு பார்வை பார்த்தா பாருங்க. மறுநாள் போய்க் கொடுத்துட்டு வந்தேன். முந்நூறு இல்லை, கூடத்தான். அவர் பேரன் இந்த வேலைக்கு வரமாட்டானாம். ஏசி பிட்டிங் கத்துக்கிறானாம். சரியான முடிவு, வேற என்ன சொல்றது. நாம கொடுக்கிற கூலிக்கு அவன் ஏன் கயிறு இழுக்கணும்?

நம்மள மாதிரி வெளியூர்ல பொட்டி தட்டுற கூட்டத்துக்கு ஒரு வியாதி உண்டு. ஊர்ல வீட்டுக்குப் பொங்கலுக்குப் பெயின்ட் அடிக்கக் காசு அனுப்புவோம். மொட்டைமாடியில விரிசல் இருக்கான்னு ஏறிப் பார்க்க மாட்டோம். வாட்சப்ல படம் வரும், பளிச்னு இருக்கும், "சூப்பர்ப்பா"ன்னு கட்டைவிரல். கார் விஷயத்துலயும் அதேதான். காசு நேரத்துக்குப் பதில் ஆகாது. ரெண்டு நாள் லீவு போட்டு, கண்ணாடியைக் கழட்டும்போது பக்கத்துல நின்னிருந்தா எனக்கு லட்சத்து நாற்பதாயிரம் மிச்சம். உங்களுக்கும் ஊர்ல அப்பா, மாமா, பெரியப்பா கார் தார்ப்பாய்க்குள்ள கிடக்கும், தெரியும். முதல்ல அந்த பிளாஸ்டிக் உறையை உருவுங்க, உள்ளே ஈரம் பூட்டிக் கிடக்கும். துணி உறை போடுங்க. பெயின்ட்காரன்கிட்ட போகும்போது "கண்ணாடியைக் கழட்டி, விளிம்பைப் போட்டோ எடுத்து அனுப்பு, அப்புறம் அட்வான்ஸ்"னு சொல்லுங்க. முகம் சுளிச்சா வேற இடம் பாருங்க.

(இடையில ஒண்ணு: 2021 ஜூலையில வந்த விண்டேஜ் விதி 50 வருஷம் தாண்டின வண்டிக்குத்தான். 84 மாடலுக்கு 2034 வரைக்கும் பொறுக்கணும். அது வரைக்கும் விளிம்பு இருக்கணுமே, அதான் கவலை.)

அன்னிக்குச் சாயங்காலம் ஹோஸ் பைப்பை வச்சுத் தண்ணி அடிச்சுப் பார்த்தோம். கீழே இருந்து ஆரம்பிச்சு மேலே போகணும், அப்பத்தான் எங்க ஒழுகுதுன்னு தெரியும். என் பையன் பின் சீட்டுல டார்ச்சோட உட்கார்ந்து, "இல்லப்பா, இல்லப்பா, இல்லப்பா"ன்னு கத்திட்டே இருந்தான். இருபது நிமிஷம். காய்ஞ்ச சீட்டு. அதை வீடியோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ரெண்டு நீல டிக் விழுந்தது. பத்து நிமிஷம் பதில் இல்லை. அப்புறம் போன்.

"நல்லாருக்குல. மேல வலது மூலையில பட்டை ஒரு நூலு தூக்கிட்டு நிக்கி. அந்தப் பாய்ட்ட கட்டைவிரல வச்சு அமுக்கச் சொல்லு."

போய்ப் பார்த்தேன். தூக்கிட்டுத்தான் நின்னுச்சு.